வெயிலைக் கழிக்கத் தெரிந்த கண்

கள்ளக்குறிச்சியிலிருந்து பேசுகிறேன். சின்னசேலம் பக்கத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

“அண்ணா, அறிவியல் கண்காட்சிக்கு கை படாத தண்ணிக் குழாய் செஞ்சேன். கிளாஸ் ரூம்ல கைய நீட்டுனா தண்ணி வந்துச்சு, எடுத்தா நின்னுச்சு. அப்புறம் எல்லாரையும் வெளிய வேப்பமரத்தடிக்கு மாறச் சொன்னாங்க. அங்க வச்சதும் கையே வைக்காம தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. பாக்க வந்த சார் ஒருத்தரு, வெயில் சூட்ட கைச் சூடுன்னு நெனச்சுக்குது, இது வேலைக்காகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சூடுதான் காரணமாண்ணா?”

இல்லை, தங்கச்சி. சூடு காரணமே இல்லை. ஆனால் அந்த சார் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரியிலும் தானாகத் தண்ணீர் விடுகிற குழாயைப் பார்க்கிறவர்களில் பலர், அது உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கிறது என்றுதான் நம்புகிறார்கள். சோதித்துப் பார்ப்பது சுலபம். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவை அந்தக் குழாய்க்குக் கீழே நீட்டுங்கள். தண்ணீர் வரும். டப்பாவுக்கு ஏது உடம்புச் சூடு?

அந்தப் பெண் வாங்கியது கடையில் நாற்பது, ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற ஐஆர் மாட்யூல். சின்ன பல்பு மாதிரி இரண்டு இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். கறுப்பாக இருப்பது, அந்த ஒளி எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ளும். கை வந்தால் ஒளி திரும்பும், கை இல்லாவிட்டால் ஒளி போனது போனதுதான். இவ்வளவுதான் விஷயம். ரிமோட்டை அமுக்கிக்கொண்டே அதன் மூக்கை உங்கள் போன் கேமராவில் பாருங்கள். பல போன்களில், முக்கியமாக செல்பி கேமராவில், ஊதா நிறத்தில் ஒரு மினுக்கல் தெரியும். அதே ஒளிதான் இதுவும்.

நம் உடம்பும் அகச்சிவப்பு விடுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரான். இந்த மாட்யூலில் இருக்கும் சிலிக்கானுக்கு 1.1 மைக்ரானுக்கு அப்பால் கண் தெரியாது. உடம்புச் சூட்டைப் பார்க்கிற சென்சார் வேறு ஜாதி. ஆள் நுழைந்ததும் விளக்கு எரிகிறதே, அங்கே இருப்பது அது.

உடம்புச் சூட்டை நிஜமாகவே பார்க்கிற ஒரு கண்ணைத் தேடினால், நம் மலைகளிலேயே இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பச்சையாக, மூங்கிலோடு மூங்கிலாகச் சுருண்டு கிடக்கும் குழிவிரியன். அதன் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் இருபுறமும் ஒவ்வொரு குழி. குழிக்குள் மெல்லிய சவ்வு. எலியின் உடம்பு வெப்பம் பட்டு அந்தச் சவ்வு துளி சூடானால் போதும், கும்மிருட்டிலும் பாம்புக்கு இடம் தெரிந்துவிடும். கல்வராயன் மலைக்காரர்கள் இருட்டில் புதருக்குள் கைவிட வேண்டாம் என்று பிள்ளைகளைக் கண்டிப்பதற்குப் பின்னால் இப்படியும் ஒரு இயற்பியல் இருக்கிறது. இந்தப் பாம்பை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். அகச்சிவப்பைக் கண்டுபிடித்தது வில்லியம் ஹெர்ஷல், 1800ஆம் ஆண்டு, இங்கிலாந்தில். பட்டகத்தால் வெயிலைப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நீட்டவில்லை. வேப்பமரத்தடியில் அந்தக் கறுப்புக் கண்ணுக்குள் புகுந்து கை என்று ஏமாற்றியதும் வெயிலில் இருக்கும் இந்த அகச்சிவப்புதான்.

ஆனால் நம் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அகச்சிவப்பு என்கிறோம். அகம் என்றால் உள்ளே. ஆனால் வானவில்லைப் பாருங்கள். சிவப்பு வெளி விளிம்பில் இருக்கிறது, ஊதா உள்ளே இருக்கிறது. வானவில்லின் அகச்சிவப்புப் பட்டை விழுவது சிவப்புக்கும் வெளியே. நம் சொல் காட்டுகிற திசையும் வானம் காட்டுகிற திசையும் எதிரெதிர். இலங்கைத் தமிழர்கள் இதைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்றார்கள். சிவப்புக்குக் கீழே, அதாவது அதிர்வெண்ணில் கீழே. எவ்வளவு சரியான சொல்! பத்தாண்டுக்கும் மேல் டிவி பழுது பார்த்தவன் நான். இந்தச் சொல்லை முதலிலேயே கேட்டிருந்தால் பாதிக் குழப்பம் எனக்கு வந்திருக்காது.

ஹெர்ஷல் பெயர் வந்ததால் இன்னொன்று. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான், 1781இல். அந்த யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது 1977 மார்ச் 10ஆம் தேதி. அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்த இடங்களில் ஒன்று நமக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் வருகிற ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகும் நேரத்துக்காக ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் வருவதற்கு முன்பே நட்சத்திர ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஏதோ புதிய துணைக்கோள் குறுக்கே போயிருக்கிறது என்று எண்ணி அப்படியே எழுதினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானத் தொலைநோக்கிக் குழு பல மங்கல்களைப் பதிவு செய்து, வளையம் என்று அறிவித்தது. உலகப் புத்தகங்களில் விமானம் இருக்கிறது. காவலூர் பல புத்தகங்களில் இல்லை. குறுக்கே ஒன்று போனதை ஒளி குறைவதை வைத்துக் கண்டுபிடிப்பது சென்சார் வேலைதானே? அதனால் சொன்னேன்.

அடுத்து 1873. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்த வில்லோபி ஸ்மித், செலினியம் என்ற பொருளின் மின்தடை வெளிச்சம் பட்டால் மாறுகிறது என்று கண்டார். 1880இல் கிரகாம் பெல் அதை வைத்து ஒளி வழியாகப் பேசும் போட்டோபோனைச் செய்தார். டெலிபோனைவிட இதுதான் என் பெரிய கண்டுபிடிப்பு என்று அவர் நினைத்திருந்தார். அதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். நிலையாக விழுகிற வெயில் அந்தக் கருவியில் எந்தச் சத்தத்தையும் எழுப்பாது. ஓட்டை போட்ட தட்டைச் சுழலவிட்டு வெயிலை விட்டு விட்டு விழச்செய்தால், காதில் ஒரு சுரம் கேட்கும். மாறாத ஒளிக்குக் கருவி செவிடு, துடிக்கிற ஒளிக்கு மட்டும் காது. வேப்பமரத்தடிக் குழாய்க்கான மருந்து 1880இலேயே கையில் இருந்திருக்கிறது.

இப்போது நான் உங்களை அழைத்துப்போக விரும்பிய இடத்துக்கு வருகிறேன். கல்கத்தா, பிரசிடென்சி கல்லூரி.

ஜகதீச சந்திர போஸ் என்றதும் நம் பிள்ளைகள் ஒரே பதில் சொல்வார்கள். “செடிக்கு உயிர் இருக்குன்னு கண்டுபிடிச்சவர்.” செடிக்கு உயிர் உண்டென்று அவருக்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். அந்த ஒரு வரியில் அவரை அடைத்துவைத்தது நாம் அவருக்குச் செய்த அநியாயங்களில் முதலாவது என்பேன்.

1885இல் அவர் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அன்றைக்கு வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பணி தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதி. கிட்டிய சம்பளத்தைத் தொடமாட்டேன் என்று மூன்று ஆண்டு ஒரு பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். அப்பாவுக்குக் கடன் இருந்த குடும்பம் அது. கடைசியில் முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு வந்தது. ஆராய்ச்சிக்கென்று ஒழுங்கான கூடம் கிடையாது. ஒரு சின்ன அறையும், அவரே பழக்கி எடுத்த ஒரு தகரவேலைக்காரரும்தான் துணை.

அப்போது ஐரோப்பாவில் மின்காந்த அலைகளைக் கண்டுபிடிக்க இருந்த கருவியின் பெயர் கோஹியரர். கண்ணாடிக் குழாய்க்குள் இரும்புத்தூள், நிக்கல்தூள் மாதிரி உலோகத்தூள். அலை பட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும். ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டி உதறிவிட வேண்டும். பாரீசிலும் லண்டனிலும் அது ஓடியது. வங்காளத்தின் புழுக்கத்தில் ஓடவில்லை. ஈரக்காற்றில் தூள் துருப்பிடிக்கும். இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி காட்டும்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும் நாம். வேறொரு நாட்டுத் தட்பவெப்பத்தில் பிறந்த கருவி இங்கே வந்து தோற்றது. போஸ் ஊரைக் குறை சொல்லவில்லை. தூளை எடுத்து வீசினார். மெல்லிய எஃகுச் சுருள்வில்களை வரிசையாக ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்படி எபோனைட் சட்டத்தில் அடுக்கினார். ஒரு பக்கம் ஒரு திருகாணி. அதைத் துளித்துளியாகத் திருகினால் வில்கள் ஒன்றையொன்று அழுத்தும் அளவு மாறும். பாயும் மின்சாரத்தையும் தனியே கூட்டிக் குறைக்கலாம். அன்றைய காற்று எப்படி, அன்றைய அலை எப்படி என்று பார்த்து, கருவியை அன்றைக்கு ஏற்றபடி பதப்படுத்திக்கொள்ளலாம்.

தங்கச்சி, உன் மாட்யூலில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதன் தலையில் ஒரு திருகாணி. கடையில் பிரீசெட் என்பார்கள். ஸ்க்ரூடிரைவரால் அதைத் திருகி, எவ்வளவு ஒளி வந்தால் கை என்று எடுத்துக்கொள்வது என முடிவு செய்கிறாய் அல்லவா? போஸின் திருகாணியும் அதுவும் செய்கிற வேலை ஒன்றுதான்.

அந்தக் கருவியை வைத்து அவர் செய்தவற்றைக் கேளுங்கள். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி, நடுவில் நின்ற ஆளின் உடம்பையும் தாண்டி அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் வைத்தார். அவர் உண்டாக்கிய அலைகளில் மிகச் சிறியவை 5 மில்லிமீட்டர் நீளம். 1897 ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வெள்ளிக்கிழமை மாலைப் பேருரை நிகழ்த்தினார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் பேசிய மேடை அது. அலைகளை வடிகட்ட அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகம், பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள். மறு வருஷம் சணலை முறுக்கி அதன் வழியே அலையை அனுப்பி, முறுக்கின திசைக்கேற்ப அலையின் தளம் திரும்புவதைக் காட்டினார். சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதும் அதன் மூலக்கூறின் முறுக்கால்தான் என்பதற்கான மாதிரி அது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கரும்பு அரவை நடக்கும்போது ஆய்வகத்தில் சாற்றின் சர்க்கரை அளவைப் பார்ப்பது அந்த ஒளித் திருப்பத்தை வைத்துத்தான். நம் ஊர் லாரிகளில் போகிற கரும்புக்கும் அந்தச் சணலுக்கும் உறவு உண்டு.

எஃகு வில்லோடு அவர் நிற்கவில்லை. எந்தப் பொருள் எப்படி உணர்கிறது என்று வரிசையாகச் சோதித்துக்கொண்டே போய் கலீனாவில் வந்து நின்றார். கலீனா என்பது காரீயமும் கந்தகமும் சேர்ந்த பளபளப்பான தாது. அதன்மேல் ஒரு முனை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். தட்டி உதற வேண்டியதில்லை. அலை நின்றதும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், அது வானொலி அலைக்கும் அசைந்தது, ஒளிக்கும் அசைந்தது. மனிதக் கண் பார்ப்பது மொத்தக் கதிர்வீச்சில் ஒரு ஸ்வர எட்டுகூட முழுதாக இல்லை. தன் கருவியோ பல எட்டுகள் பார்க்கும் செயற்கை விழித்திரை என்று அவர் எண்ணினார். தேஜோமீட்டர் என்று பெயரும் வைத்தார். தேஜஸ் என்ற நம் சொல்லோடு ஒரு மீட்டர்.

1901 செப்டம்பரில் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்கப்பட்டது. போஸுக்கு அதில் விருப்பமில்லை. அறிவைக் காசாக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். வற்புறுத்திக் கையெழுத்திட வைத்தவர் சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணி. பாரதியார் குருவாக ஏற்றாரே நிவேதிதா, அவருடைய தோழி. 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. மின் அலைகள், ஒளி அலைகள், மற்றக் கதிர்வீச்சுகள் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் கருவி என்று அதில் எழுதியிருக்கிறது. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த உலகின் முதல் காப்புரிமை என்று அதைச் சொல்வார்கள். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வால்டர் பிராட்டனே, குறைக்கடத்திப் படிகத்தை முதலில் இப்படிப் பயன்படுத்தியவர் போஸ் என்று பின்னாளில் எழுதிவைத்தார். போஸ் அதை வைத்து ஒரு ரூபாய் சம்பாதிக்கவில்லை.

எனக்கு மனது பொறுக்காத பகுதி இனிமேல்தான். கருவிகளை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததில் போஸ் ஒன்றைக் கவனித்தார். தொடர்ந்து அலை பட்டுக்கொண்டே இருந்தால் உணர்கருவி மந்தமாகிறது. ஓய்வு கொடுத்தால் தெளிகிறது. கள்ளக்குறிச்சி வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் நமக்கும் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரிவதில்லையே, பிறகு கண் பழகிக்கொள்கிறதே? உலோகத்தின் களைப்பையும் தசையின் களைப்பையும் வரைகோடுகளாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சாயல். 1901இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை வாசித்தபோது, உடலியலில் மூத்தவரான பர்டன் சாண்டர்சன் எழுந்து, நீங்கள் இயற்பியலோடு நிற்பது நல்லது என்ற பொருளில் பேசினார். கட்டுரையில் வரும் ஒரு முக்கியமான சொல்லை மாற்றச் சொன்னார். போஸ் மறுத்தார். கட்டுரை அச்சாகாமல் ஆவணக் காப்பறைக்குப் போனது.

அந்த ஒப்பீட்டில் போஸ் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. உலோகத்துக்கு உயிர் இல்லை. ஆனால் உணர்கிற பொருள் சூழலுக்குப் பழகும், ஆகவே பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் எந்தக் கருவியையும் நம்பக் கூடாது என்று அவர் கண்டது உண்மை. அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு மறுத்திருக்கலாம். “இது உங்கள் துறை இல்லை” என்று நிறுத்தினார்களே, அதுதான் ஆறவில்லை. பிறகு 1920இல் அதே சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. மில்லிமீட்டர் அலைச் சோதனைகளுக்காக உலக மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ அங்கீகாரம் தந்தது 2012இல்.

மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன். அதே காரீய சல்பைடு 1930களில் பெர்லினில் மறுபடி மேலே வந்தது, அகச்சிவப்பை நன்றாக உணரும் பொருளாக. போர் வந்ததும் ராணுவம் பிடித்துக்கொண்டது. அதை மூக்கில் வைத்து அமெரிக்கா செய்த ஏவுகணைக்கு வைத்த பெயர் சைட்விண்டர். பாலைவனத்தில் வாழும் ஒரு குழிவிரியனின் பெயர். சொன்னேனே, பாம்பு மறுபடி வரும் என்று. அந்த ஏவுகணையின் தொடக்க வகைக்கு ஒரு பெரிய குறை. எதிரி விமானத்தின் புகைபோக்கியை விட்டுவிட்டு சூரியனைத் துரத்திக்கொண்டு போய்விடும். வல்லரசின் ஏவுகணை ஏமாந்த அதே இடத்தில்தான் சின்னசேலத்துப் பிள்ளையின் தண்ணீர்க் குழாயும் ஏமாந்தது.

வீட்டுக்குள்ளும் இதே கதை. 1955இல் ஜீனித் கம்பெனியில் யூஜின் பாலி என்பவர் முதல் கம்பியில்லா டிவி ரிமோட்டைச் செய்தார். துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச். டிவியின் நான்கு மூலையிலும் ஒளி உணரும் கண்கள். ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் சேனல் தானே மாறும். மறு வருஷமே அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர் ஒலியால் இயங்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தார், அதுவே கால் நூற்றாண்டு ஓடியது. ரிமோட்டின் தந்தை என்ற பட்டம் ஆட்லருக்குப் போனது. வெயிலில் தோற்றவர் என்று பாலி ஒதுக்கப்பட்டார், அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனால் இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் ரிமோட் எதில் இயங்குகிறது? ஒளியில். பாலியின் வழியில்.

ஒளியை மீட்டுக் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, 1961இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜேம்ஸ் பியர்டும் கேரி பிட்மனும் கண்ட அகச்சிவப்பு எல்இடி. இன்னொன்று, பெல்லின் ஓட்டைத் தட்டு. தட்டுக்குப் பதில் எல்இடியையே நொடிக்கு 38,000 தடவை துடிக்கவைக்கிறோம். டிவிக்குள் இருக்கும் ரிசீவர் அந்தத் துடிப்புக்கு மட்டும் காது கொடுக்கும். வெயில் எவ்வளவு பலமாக இருந்தாலும் துடிக்காது, ஆகவே கழிந்துபோகும். 940 நானோமீட்டர் அலைநீளத்தைப் பலரும் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. காற்றில் இருக்கும் நீராவி சூரிய ஒளியில் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் குடித்துவிடுகிறது. வெயிலிலேயே அங்கே ஒரு மெல்லிய நிழல். கோமுகி அணைப் பக்கம் மழைக்காலப் புழுக்கத்தில் நிழல் இன்னும் கொஞ்சம் கூடும். போஸைப் படுத்திய அதே ஈரக்காற்று இங்கே நமக்கு உதவிக்கு வருகிறது.

உங்கள் போனைக் காதில் வைத்ததும் திரை அணைகிறதே, அதற்குள் இருப்பது இன்னும் கெட்டிக்காரக் கண். முதலில் தன் எல்இடியை அணைத்துவிட்டுச் சுற்றி எவ்வளவு வெளிச்சம் என்று அளக்கும். பிறகு எல்இடியை எரியவிட்டு அளக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது காது. வெளிச்சம் ரொம்பக் கூடினால் தன் உணர்வைத் தானே குறைத்துக்கொள்ளும், இருட்டில் கூட்டிக்கொள்ளும். போஸ் விரலால் திருகியதை ஒரு கடுகளவுச் சில்லு நொடிக்குப் பல தடவை தானே திருகிக்கொள்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் கழிக்க முடியாது. டிவி மெக்கானிக்காக இருந்தபோது ஒரு தடவை கரியாலூரிலிருந்து அழைப்பு. “சாயங்காலமானா ரிமோட் வேலை செய்யல, சென்சார் போயிடுச்சு, வந்து மாத்திக் குடுங்க.” கச்சிராயபாளையத்தில் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, புது சென்சாரோடு போய்ச் சேரும்போது ஆறரை மணி. ரிமோட்டை அமுக்கினேன், டிவி எரிந்தது. வீட்டுக்காரர் சத்தியம் செய்தார், அஞ்சு மணிக்கு எரியவில்லை என்று. டிவி மேற்கு வாசலைப் பார்த்து இருந்தது. மறுநாள் அங்கேயே தங்கி ஐந்து மணிக்குப் பார்த்தேன். மலை விளிம்பில் சூரியன் சாய்ந்து, வாசல் வழியே நேராக டிவியின் கண்ணில் விழுந்தது. ரிமோட் செத்துப்போனது. வாசல் கதவைச் சாத்தினேன், உயிர் வந்தது. நிரம்பி வழிகிற குடத்தில் இன்னொரு சொம்பு ஊற்றினால் குடத்துக்குத் தெரியுமா? அந்த வீட்டம்மா கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, டிவியைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன். கழிப்பதற்கும் கண்ணில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆக, ஹெர்ஷலுக்கு வெயில் வேண்டியிருந்தது, பெல்லுக்கும் வேண்டியிருந்தது. பாலிக்கு வெயில் பகை, ஏவுகணைக்கும் பகை. கல்கத்தாப் புழுக்கத்தில் தூள் துருப்பிடிக்காமல் இருந்திருந்தால் போஸ் அந்த எஃகு வில்லைத் தேடிப் போயிருப்பாரா என்று யோசியுங்கள். கண்காட்சியில் மதிப்பெண் போடுகிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். வகுப்பறைக்குள் ஓடி மரத்தடியில் நின்றுபோன கருவியைப் பார்த்தால், நகர்ந்து போகாதீர்கள். ஏன் நின்றது என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள், பதில் வரும் வரை ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

தங்கச்சிக்கு நான் அனுப்பிய பதில் இது. கறுப்புக் கண்ணுக்குக் கறுப்புச் சார்ட் தாளில் ஒரு குழல் சுற்று, பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வராது. மாட்யூலின் முடிவை நம்பாதே, கண்ணிலிருந்து வருவதை நேராக ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் படி. எல்இடியை அணைத்து ஒரு எண், எரியவிட்டு ஒரு எண், கழி.

நாலு நாள் கழித்து அவளிடமிருந்து மறுபடி செய்தி வந்தது. “அண்ணா, காலைல நல்லா வருது. மத்தியானம் மரத்து எலைக்கு நடுவுல வெயில் விழுறப்போ ரெண்டு எண்ணும் 1023னே வருது, கழிச்சா பூஜ்யம். இப்போ கை வச்சாலும் தண்ணி வரமாட்டேங்குது.” ஆர்டுயினோவில் 1023தான் உச்சம். குடம் நிரம்பிவிட்டது. கரியாலூர் டிவி மாதிரியே. அவள் யாரும் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

கண்ணோடு சேர்ந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போடச் சொன்னேன். குடம் பெரிதாகும், ஆனால் கையிலிருந்து வருகிற ஒளியும் மெலிந்துபோகும், ஒரு தடவை அளந்தால் தெரியாது. அதனால் அணைத்து, எரியவிட்டு, நூறு தடவை அளந்து கூட்டு என்றேன்.

நேற்று அவள் நோட்டுப் பக்கம் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். இப்போது திரையில் காட்டுகிறேன், பாருங்கள். காலை 8 மணியிலிருந்து மாலை 5 வரை அரை மணிக்கு ஒரு தடவை. முதல் பத்தியில் நேரம், அடுத்ததில் எல்இடி அணைந்தபோது வந்த எண், அதற்கடுத்து எரிந்தபோது வந்தது, கடைசியில் கழித்தது. பன்னிரண்டரை மணிக்கு எதிரே மட்டும் பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கிறது: “மேகம் வந்தது. இன்னொரு நாள் திரும்ப எடுக்கணும்.”